22 முட்டை பொரியவில்லை, குற்றம் 9 வயது ஆண் கூஸ் மீதா?

கூஸ் வாத்து வளர்க்கும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கூடவே, முட்டைக் கணக்கு எழுதிய நோட்டின் படங்களும் வந்திருக்கின்றன. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் ஓர் ஆண் கூஸும் நான்கு பெட்டைகளும் இருக்கின்றன. பெரிய உடம்புக்கார இனம். ஆணுக்கு வயது 9. குஞ்சிலிருந்தே அவர் கையில் வளர்ந்தது. பெட்டைகளை அடையாளம் காண்பதற்குக் காலில் வளையம் மாட்டியிருக்கிறார். சிவப்பும் நீலமும் 6 வருடமாக இந்த ஆணோடு இருப்பவை. பச்சையும் மஞ்சளும் வெளியிலிருந்து வாங்கிய இளசுகள். இந்த முட்டைப் பருவம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்புதான் வந்து சேர்ந்தன. இப்போதுதான் முதல் முறையாக முட்டையிட்டன. முன்பெல்லாம் 10 முட்டை வைத்தால் 8 பொரிக்குமாம். சென்ற பருவத்தில் பாதியாகக் குறைந்தது. இந்தப் பருவத்தில் 31 முட்டை வைத்து 9 குஞ்சுதான் கிடைத்தது. மீதி 22-ம் "கூமுட்டை" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கணவர், "ஆண் நன்றாகத்தான் மிதிக்கிறது (அதாவது, பெட்டை மேல் ஏறி இணைகிறது), பெட்டைகள் சரியில்லை" என்கிறார். அண்ணன், "கிழத்தை அறுத்துவிட்டு அதன் மகனை இறக்கு" என்கிறார். மகனுக்கு 2 வயது. தாய், சிவப்பு வளையம். தெரிந்தவர் ஒருவர் ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். இப்போது பருவம் முடிந்து எல்லாம் இறகு உதிர்க்கின்றன. சகோதரி கேட்பது இதுதான்: வயதால்தான் இப்படி ஆனதா? உடனே விந்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாமா? ஊசி போடலாமா? மகனை விடலாமா? பிரித்து வைத்தால் ஏங்கிப்போகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைவிட உங்கள் நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வளையம், எந்தத் தேதி இட்ட முட்டை, என்றைக்கு அடை வைத்தது, பொரித்ததா இல்லையா என்று பென்சிலால் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், "நிறைய வைத்தோம் டாக்டர், ஒண்ணும் வரலை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எழுதி வைத்ததால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் எழுத முடிகிறது.

நோட்டு என்ன சொல்கிறது

31-க்கு 9 என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அது நான்கு வேறு வேறு கதைகளை ஒரே கூடையில் போட்ட கணக்கு.

சிவப்பு வளையத்தின் முட்டைகள் 8. நான்கு நான்காக, இட்ட ஒரு வாரத்துக்குள் அடை வைத்திருக்கிறீர்கள். முதல் நான்கும் பொரித்தன. பருவக் கடைசியில் வைத்த நான்கில் இரண்டு பொரித்தன. ஆக, 8-ல் 6. ஒன்பது வயது ஆணிடமிருந்து இது கிடைத்திருக்கிறது. இந்த ஒரு வரியே, "அது மலடாகிவிட்டது" என்ற பேச்சைத் தள்ளுபடி செய்யப் போதும்.

நீல வளையத்தின் முட்டைகள் 9, பொரித்தவை 3. இதை முதலில் பார்த்தபோது நானும் ஆணைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் தேதிகளைப் பார்த்தேன். ஒன்பதும் சேரட்டும் என்று வைத்திருந்து, முதல் முட்டை இட்டு 19 நாள் கழித்து அடை வைத்திருக்கிறீர்கள். பொரித்த மூன்றும் எவை தெரியுமா? கடைசியாக இட்ட மூன்று. அதாவது, புதுசாக இருந்தவை. ஆணின் குறைபாடு என்றால் பழைய முட்டை, புதிய முட்டை என்று பார்த்துக் கெடுக்காது. அதிக நாள் வைத்திருந்த முட்டையில் கரு பலவீனப்பட்டு, அடை வைத்த முதல் சில நாட்களிலேயே செத்துவிடும். குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்து ஒரு வாரத்துக்குள் அடை வைப்பது நல்லது. பத்து நாளைத் தாண்டவே வேண்டாம். நீலத்தின் ஆறு முட்டைகளில் பெரும்பாலானவை உங்கள் கூடையில் காத்திருந்து கெட்டவை என்றுதான் நினைக்கிறேன். வருத்தப்படாதீர்கள், முட்டை சேரட்டும் என்று காத்திருப்பது எல்லோரும் செய்கிறதுதான்.

பச்சை 7, மஞ்சள் 7. இரண்டிலும் சுத்தமாக ஒன்றுமில்லை. 14-ல் பூஜ்யம். வயதான விந்து இப்படி வேலை செய்யாது. அது எல்லாப் பெட்டைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிவப்புக்கு முக்கால்வாசியும் பச்சைக்கு ஒன்றுமே இல்லாமலும் கொடுக்காது. இந்த இரண்டையும் உங்கள் ஆண் மிதிக்கவே இல்லை என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். "மிதிப்பதைப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வளையத்தை என்று எழுதவில்லையே!

கூஸ், சேவல் மாதிரி இல்லை. கோழிக் கூட்டத்தில் புதிதாக நான்கு பெட்டையை விட்டால் சேவல் அன்று மாலைக்குள் நான்கையும் துரத்தியிருக்கும். கூஸ் ஜோடி சேரும் பறவை. பிடித்த பெட்டையோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடிக்காததைத் திரும்பிக்கூடப் பார்க்காது, சில நேரம் கொத்தி விரட்டும். புதிய பெட்டையோடு பழக பருவம் தொடங்க ஒரு மாதமாவது முன்பே விட வேண்டும். இரண்டு மாதம் என்றால் இன்னும் நல்லது. நீங்கள் பத்து நாள் கொடுத்தீர்கள். இளசுகளும் முதல் முறை முட்டையிட்டவை. முதல் பருவ முட்டை சிறியதாக இருக்கும், பொரிக்கும் அளவும் குறைவாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் பருவத்தில்தான் நன்றாக வரும். ஆகவே, உங்கள் கணவர் சொன்னதிலும் ஒரு கால்பங்கு உண்மை இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் வயதுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு நாள் விளக்கை அணைத்ததுபோல வராது.

பெரிய உடம்புக்கார இனங்களில் ஆண் முழுதாகப் பக்குவப்பட இரண்டு வருடமாகும். சீன இனம் போன்ற எடை குறைந்தவை ஒரு வயதை ஒட்டியே தயாராகிவிடும். இரண்டிலிருந்து ஐந்து, ஆறு வயது வரை ஆணுக்கு நல்ல காலம். குஞ்சுக்காகவே கூட்டம் வளர்க்கும் பண்ணைகளில் ஆணை ஐந்து வயதை ஒட்டி மாற்றிவிடுவார்கள். பெட்டையைப் பத்து வயது வரைகூட வைத்துக்கொள்வதுண்டு. ஐந்து என்பது கணக்குப் பார்க்கிற பண்ணைக்காரரின் எல்லை. இயற்கை அங்கே கோடு போட்டு வைக்கவில்லை. கூஸ் சாதாரணமாக 15, 20 வருடம் உயிரோடு இருக்கும். ஒன்பதில் நன்றாகக் கரு கொடுக்கும் ஆணும் உண்டு, நான்கில் ஓய்ந்துபோனதும் உண்டு. ஒரே வயது, ஒரே தீவனம் என்றிருக்கும் ஆண்களுக்குள்ளேயே விந்தின் தரம் ஏகமாக வித்தியாசப்படுவது இந்த இனத்தின் குணம். சில ஆண்கள் பிறவியிலேயே மோசம்; எந்த வயதிலும் சரிவராது.

உடம்புக்குள் நடப்பது இது. பறவைக்கு விரைகள் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்தை ஒட்டி இருக்கின்றன. வழக்கமாக இடது பக்கத்தது கொஞ்சம் பெரியது. பருவம் நெருங்கும்போது அவை பல மடங்கு பெருத்து, பருவம் முடிந்ததும் சுருங்கிவிடும். வயது ஏற ஏற விந்தின் அளவு குறையும், விந்தணு எண்ணிக்கை குறையும், நீந்தும் வேகம் தளரும், தலை வளைந்ததும் வால் அறுந்ததுமாக உருக்குலைந்தவை கூடும். ஆண் கூஸின் விந்து நல்ல நாளிலேயே ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. சேவலின் விந்தோடு ஒப்பிட்டால் நீர்த்தது. அதாவது ஆரம்பத்திலேயே மிச்சம் மீதி அதிகமில்லாத சங்கதி. அதில் கொஞ்சம் குறைந்தாலும் முட்டையில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெட்டையின் கருப்பாதையில் விந்தணுவைச் சேர்த்து வைக்கும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. ஒரு தடவை சேர்ந்தால் ஒரு வாரம், பத்து நாள் வரை இடும் முட்டைகளுக்கு அந்தச் சேமிப்பு உதவும். ஆனால் துடிப்பான விந்தணுதான் அங்கே போய்ச் சேர முடியும். கிழ ஆணின் விந்தணுவில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். எனவே சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். அடிக்கடி மிதித்தால்தான் ஈடுகட்ட முடியும். அடிக்கடி மிதிக்கத்தான் வயதில் முடிவதில்லை!

பருவக் கடைசியில் எல்லா ஆண்களுக்குமே விந்து தளர்ந்துவிடும். பெட்டை இன்னும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆண் கடையைக் கட்டிவிடும். வயதானவற்றில் இந்தச் சரிவு முன்கூட்டியே தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பின் கடைசி நான்கில் இரண்டு தவறியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

எனவே என் கணிப்பு இது: உங்கள் ஆண் தீர்ந்துபோகவில்லை, அதன் எல்லை சுருங்கியிருக்கிறது. பெரிய இனத்தில் வாலிப ஆணுக்கே இரண்டு, மூன்று பெட்டைதான் கணக்கு. சின்ன இனத்தில் நான்கு, ஐந்து வரை போகலாம். நீங்கள் ஒன்பது வயதுக்காரனிடம் நான்கை ஒப்படைத்தீர்கள். அது தனக்குத் தெரிந்த இரண்டோடு நின்றுகொண்டது.

மிதிப்பது வேறு, கரு கூடுவது வேறு

"ஆசை குறையவில்லை, அப்புறம் எப்படிக் கரு இல்லாமல் போகும்" என்று கேட்டிருந்தீர்கள். ஏறுகிற ஆசையும் விந்தின் தரமும் சேர்ந்தே இறங்கும் என்று விதியில்லை. தினமும் தண்ணீரில் ஏறியும் வெறும் முட்டையே தருகிற ஆண் உண்டு. ஆள் பார்க்கும்போது வாலைக்கூட ஆட்டாமல், விடிகாலையில் காரியத்தை முடித்துவிட்டு யோக்கியமாக நிற்பதும் உண்டு.

ஏறினாலும் காரியம் முடியாமல் போக உடம்புக் காரணங்கள் பல. முட்டி வீங்கியிருக்கலாம். பாதத்தின் அடியில் ஆணிபோலத் தடித்துப் புண்ணாகியிருக்கலாம். வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். பெரிய உடம்புக்காரன் தரையில் பெட்டையின் முதுகில் சமநிலை பிடிப்பதற்குள் சரிந்துவிடுவான். தண்ணீர் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும். உங்களிடம் குளம் இருக்கிறதா, வெறும் தொட்டியா என்று எழுதவில்லை. ஆணும் பெண்ணும் மிதக்கிற அளவுக்கு ஆழமான, சுத்தமான தண்ணீர் வயதான ஆணுக்குக் கைத்தடி மாதிரி.

ஆண்குறியையும் பார்க்க வேண்டும். மற்ற பல பறவைகளுக்கு இல்லாத ஒன்று கூஸுக்கும் வாத்துக்கும் உண்டு: சுருள் வடிவில் வெளியே நீளும் ஆண்குறி. அது நிணநீரால் விறைக்கிறது, ரத்தத்தால் அல்ல. பயிற்சி உள்ளவர் வாலைப் பின்னுக்கு மடக்கி, எச்சத்துவாரத்தின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் வெளியே வரும். நல்லதாக இருந்தால் வெளிறிய இளஞ்சிவப்பில், ஈரமாக, பளபளப்பாக இருக்கும். மஞ்சள் பொருக்கு, புண், வீக்கம், நாற்றம் இருந்தால் தொற்று. அழுக்குத் தண்ணீரில் பல பெட்டைகளோடு சேரும் ஆணுக்கு இது வரும், பெட்டைக்கும் பரவும். சில நேரம் வெளியே வந்தது உள்ளே போகாமல் தொங்கும். அப்படிக் கண்டால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, தனியாகச் சுத்தமான இடத்தில் வைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாள் கடந்து கறுத்துவிட்டால் வெட்டியெடுப்பதைத் தவிர வழியில்லை. ஆனாலும் பறவை பிழைக்கும். கழிவு வெளியேற அந்த உறுப்பு தேவையில்லை. இனப்பெருக்கம் மட்டும் அதோடு முடிந்தது.

கூமுட்டை எல்லாம் ஒன்றல்ல

22 முட்டையில் இரண்டை உடைத்துப் பார்த்தீர்கள். ஒன்றில் மஞ்சள் கரு மட்டும், இன்னொன்றில் "கறுப்பாக ஏதோ". பார்த்தீர்களா, இரண்டும் இரண்டு நோய்! முதலாவது கரு கூடாத முட்டை. அதற்கு ஆணோ, ஜோடிப் பழக்கமோ காரணம். இரண்டாவது கரு கூடிச் செத்தது. அதில் ஆண் தன் வேலையை முடித்துவிட்டது. பிழை முட்டையை வைத்திருந்த விதத்திலோ, சூட்டிலோ, புரட்டுவதிலோ, தாயின் சத்திலோ இருக்கும். இரண்டையும் கூமுட்டை என்று ஒரே பெயரில் கூப்பிட்டதால்தான் ஆணின் தலையில் 22 விழுந்தது.

அடுத்த முறை 30 நாள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடை வைத்த எட்டாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே, இருட்டில், டார்ச்சின் வாயை முட்டையின் அகன்ற பக்கத்தில் அழுத்தி வைத்துப் பாருங்கள். நடுவில் கறுத்த புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால்போலப் பரவிய சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிருள்ள கரு. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் ஓடினால், கூடிச் செத்தது. ஒன்றுமில்லாமல் வெளிச்சம் தெளிவாகக் கடந்து வந்தால், பெரும்பாலும் கூடாதது. தெளிவாகத் தெரிகிறதையும் ஒன்றிரண்டு உடைத்துப் பாருங்கள். மிக இளசாகச் செத்த கரு டார்ச்சுக்குத் தப்பிவிடும்.

அடை வைக்காத புது முட்டையிலேயே பார்க்கவும் வழியுண்டு. தட்டில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவின் மேல் இருக்கும் வெள்ளைப் புள்ளியைக் கவனியுங்கள். கூடாத முட்டையில் அது சிறியதாக, அடர்த்தியாக, ஓரம் பிய்ந்ததுபோல இருக்கும். கூடியதில் சற்றுப் பெரியதாக, வட்டமாக, நடுவில் தெளிந்து ஓரத்தில் வளையம் போட்டதுபோல இருக்கும். நான்கைந்து முட்டை பார்த்தால் கண் பழகிவிடும்.

விந்துப் பரிசோதனைக்கு இப்போது போகாதீர்கள்

ஓர் ஆர்வத்தில் உடனே கிளம்பிவிடுவீர்கள் என்று தெரிகிறது, பொறுங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் விரைகள் சுருங்கிக் கிடக்கும். மூன்று வயதுக்காரனைக் கொண்டுபோனாலும் இப்போது ஒன்றும் வராது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அண்ணன் கத்தியைத் தீட்டிவிடுவார். அடுத்த பருவம் தொடங்கி, பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்த பிறகு, முதுகும் வயிறும் தடவி விந்தெடுக்கத் தெரிந்த மருத்துவரிடம் போகலாம். பழகாத பறவை முதல் தடவை சரியாகக் கொடுக்காது, ஆகவே சில நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை எடுத்துப் பார்த்தபிறகே முடிவு சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் இதனோடு விடுங்கள். மிதிக்கத் தொடங்கி ஒரு வாரம் கழித்து இடும் முட்டைகளில் பத்தை, புதுசாகவே அடை வைத்து, பத்தாம் நாள் டார்ச்சில் பாருங்கள். ஏழு, எட்டு கூடியிருந்தால் வயதைப் பற்றி இனி வீட்டில் பேச்சு வேண்டாம். மூன்று, நான்குதான் என்றால் ஓய்வு கொடுக்கும் நேரம். நடுவில் இருந்தால் பெட்டை ஒன்றாகக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள். இது சட்டமல்ல, நான் பார்க்கிற கணக்கு.

இப்போது செய்ய வேண்டியது, உடம்பைப் பார்ப்பது. நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுத்துவிட்டது. ஓய்வுக் காலத்தில் தானியத்தைக் குறைத்து, புல்லில் மேயவிட்டு, எடையை மெதுவாக இறக்குங்கள். பருவம் தொடங்கிய பிறகு பட்டினி போடக் கூடாது. முட்டையிடும் பறவைக்கான தீவனத்தில் இருக்கும் அவ்வளவு சுண்ணாம்புச்சத்து ஆணுக்கு வேண்டியதில்லை. கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்தால் பெட்டை வேண்டியதைத் தின்றுகொள்ளும். பூஞ்சை பிடித்த தானியம் கூடவே கூடாது. அந்த நஞ்சுகளில் சில நேராக இனப்பெருக்கத்தையே கெடுக்கும்.

ஹார்மோன் ஊசி

வேண்டாம். வெளியிலிருந்து ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் மூளைக்கு "போதுமான அளவு இருக்கிறது" என்ற செய்தி போகும். அது விரைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். விளைவு, சண்டைக்குணமும் ஏறும் ஆசையும் கூடலாம், விந்தணு உற்பத்தியோ இன்னும் சுருங்கும். கேட்டதற்கு நேர் எதிர். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் விந்துக்குத் தேவைதான். ஆனால் குறைபாடு இருந்தால்தான் கொடுத்துப் பலன். செலினியம் கூடினால் விஷம். போன இளமையை மீட்கும் மருந்து எதுவும் கிடையாது.

மகனை இறக்கலாமா?

உங்கள் அண்ணன் பாதி சரி. 2 வயது என்பது பெரிய இனத்துக்கு இப்போதுதான் தொடங்கும் வயது. முதல் பருவத்தில் கொஞ்சம் தடுமாறும், போகப் போகத் தேறும். ஆனால் யாரோடு விடுவது என்பதில்தான் சிக்கல். தாயான சிவப்போடு விடவே கூடாது. நெருங்கிய ரத்தத்தில் கூடினால் கரு கூடும் அளவும் பொரிக்கும் அளவும் குறையும். ஆணை மாற்றியும் குஞ்சு வரவில்லை என்று திரும்ப எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். நீலத்துக்கும் சிவப்புக்கும் உறவுண்டா என்று உங்களுக்கே தெரியவில்லை, அதனால் நீலமும் வேண்டாம். பச்சையும் மஞ்சளும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றோடு தாராளமாக விடலாம். ஆகவே புதிய ஆணைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எக்காரணம் கொண்டும் அப்பனையும் மகனையும் பருவத்தில் ஒரே அடைப்பில் விடாதீர்கள். சண்டை என்பது ஒருபுறம். கூட்டத்தில் மூத்த ஆணின் அதிகாரம்தான் செல்லும். தன்னால் எல்லாப் பெட்டையையும் கவனிக்க முடியாவிட்டாலும் இளைய ஆணைக் கிட்டே விடாது. வைக்கோல் போரைக் காத்த நாய் கதைதான். வாலிப ஆண் இருந்தும் முட்டை வெறுமையாகப் போகும் கூட்டங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை: அந்த மகன் மகன்தானா என்று மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கூஸில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "மூணு வருஷமா ஒரு முட்டைக்கும் கரு கூட்டலை" என்று ஒருவர் என்னிடம் தூக்கிவந்த "ஆண்", மேசையில் வைத்துப் பார்த்தால் பெட்டை. மூன்று வருடமும் அது இட்ட முட்டைகளை மற்றதன் கணக்கில் எழுதியிருக்கிறார்!

மகன் சரிவராவிட்டால் வெளியிலிருந்து வாங்குங்கள். இரண்டு, மூன்று வயதுக்குள், முந்தைய பருவத்தில் குஞ்சு பொரித்த கணக்கோடு கிடைத்தால் நல்லது. கொண்டுவந்ததும் மூன்று, நான்கு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். செயற்கைக் கருவூட்டலும் இருக்கிறது, பெரிய பண்ணைகளில் செய்கிறார்கள். நான்கு பெட்டைக்கு அது வேண்டாத வேலை. ஓர் எச்சரிக்கை மட்டும்: பருவத்தின் நடுவில் ஆணை மாற்றினால், மாற்றிய முதல் இரண்டு, மூன்று வாரம் இடும் முட்டைகளில் பழைய ஆணின் கருவும் இருக்கலாம். வம்சக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள், அதனால் சொல்கிறேன்.

அறுப்பது பற்றியும், ஏங்குவது பற்றியும்

அறுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. மருத்துவக் காரணம் எதுவுமில்லை. கரு கொடுக்காத ஆணும் காவல் காக்கும், குஞ்சுகளை மேய்த்துத் திரியும். மற்ற ஆணைத் தொந்தரவு செய்யாமல் தனி அடைப்பில் இருந்தால், அது வாழ்வதால் உங்கள் குஞ்சுக் கணக்கு எந்த வகையிலும் குறையப்போவதில்லை.

பிரித்தால் ஏங்குமா என்று கேட்டீர்கள். ஜோடியிலிருந்து பிரித்தால் நிச்சயம் ஏங்கும். வேலியோரமாக நடந்துகொண்டே கத்தும், சில நாள் தீவனத்தைச் சரியாகத் தொடாது. ஆனால் நீங்கள் பிரிக்கப்போவது பச்சையையும் மஞ்சளையும்தான்; அவை போனதை உங்கள் ஆண் கவனிக்குமா என்பதே சந்தேகம். பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே அந்த இரண்டையும் மகனோடு, முடிந்தால் தகப்பனின் கண்ணில் படாத தூரத்தில், தனி அடைப்புக்கு மாற்றிவிடுங்கள். சிவப்பையும் நீலத்தையும் கிழவனோடே இருக்கவிடுங்கள். நீலத்தின் முட்டைகளை மட்டும் இந்த முறை காத்திருக்க வைக்காதீர்கள்.